மருத்துவ உளவியலா, நடத்தைப் பகுப்பாய்வா? மலையகத்திலிருந்து பட்டப்பின் படிப்புக்குப் போகிறவர்களுக்கு

கேள்வி, சுருக்கமாக: இலங்கை மலையகத்தில் கொட்டகலைப் பக்கத்துத் தங்கச்சி ஒருவர் உளவியலில் நான்கு வருடச் சிறப்புப் பட்டம் முடித்துவிட்டு, விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான அலகொன்றில் வேலை செய்கிறார். மருத்துவ உளவியலில் மேலே படிக்க வேண்டும், அதில் நடத்தைப் பகுப்பாய்வு முக்கிய இடம் பெற வேண்டும் என்பது அவருடைய விருப்பம். நடத்தைப் பகுப்பாய்வில் ஒரு வெளிநாட்டு இணையவழி முதுமாணிப் படிப்பைக் கண்டிருக்கிறார். கட்டணம் பல இலட்சம். அதில் சேரலாமா, வேறு எங்கே படிக்கலாம், திரும்பி வந்தால் மலையகத்தில் இதற்கு இடம் இருக்கிறதா என்று கேட்கிறார்.

பதில்:

தங்கச்சி, இப்போதைக்கு அந்தக் கட்டணத்தைக் கட்ட வேண்டாம். மருத்துவ உளவியலில் பதிவு பெறக்கூடிய ஒரு பட்டத்தை முதலில் எடுங்கள். நடத்தைப் பகுப்பாய்வை அதற்குள்ளேயோ அதற்கு மேலேயோ சேர்த்துக்கொள்ளுங்கள். ஏன் இந்த வரிசை என்று சொல்கிறேன்.

இவை இரண்டும் தனித்தனித் தொழில்கள். மருத்துவ உளவியலாளர் மனச்சோர்வு, பதற்றம், மனச்சிதைவு, குடிப்பழக்கம், பிள்ளைகளின் அறிவுத்திறன் மதிப்பீடு என்று பரந்த பரப்பில் பயிற்சி பெறுகிறார். வைத்தியசாலையில் உளநல மருத்துவரோடு சேர்ந்து வேலை செய்கிறார். நடத்தைப் பகுப்பாய்வாளர் ஒரு நடத்தை எந்தச் சூழலில் எழுகிறது, எது அதை நிலைக்க வைக்கிறது என்று அளந்து பார்த்து, சூழலை மாற்றுவதன் வழியாக நடத்தையை மாற்றுகிறார். அமெரிக்காவில் இரண்டுக்கும் தனித்தனிச் சான்று, தனித்தனி உரிமம். இலங்கையில் மருத்துவ உளவியலாளர்களை இலங்கை மருத்துவச் சபை பதிவு செய்கிறது. நடத்தைப் பகுப்பாய்வாளர் என்று ஒரு பதிவு இங்கே கிடையாது. அந்தப் பட்டத்தோடு மட்டும் வந்தால் அரசாங்க வைத்தியசாலைக்குள் நுழைய வழி இருக்காது.

அடுத்தது சான்றிதழ் விஷயம். இதைத் தெரியாமல் பணம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நடத்தைப் பகுப்பாய்வுத் துறையில் உலகம் முழுக்கப் பேசப்படுவது பி.சி.பி.ஏ. (சான்றுபெற்ற நடத்தைப் பகுப்பாய்வாளர்) என்ற சான்று. அதைத் தருவது 1998இல் அமெரிக்காவில் தொடங்கிய சான்றளிப்புச் சபை. முதுமாணிப் பட்டம், குறிப்பிட்ட பாடங்கள், மேற்பார்வையின் கீழ் 2000 மணிநேரக் களப்பயிற்சி (நெருக்கமான மேற்பார்வை இருந்தால் 1500), அதன்பின் ஒரு பரீட்சை. இவ்வளவும் முடித்தால் சான்று கிடைக்கும். ஆனால் 2023 ஜனவரி 1 முதல் அந்தச் சபை தன் கதவைச் சில நாடுகளுக்கு மட்டும் என்று சுருக்கிக்கொண்டது. இலங்கையில் வசித்துக்கொண்டு அந்தச் சான்றுக்கு விண்ணப்பிக்க முடியாது. இணையவழி முதுமாணியை முழுதாக முடித்தாலும் பரீட்சை மண்டபத்துக்குள் உங்களை எடுக்க மாட்டார்கள். ஆகவே எந்தப் படிப்பாக இருந்தாலும் சேருமுன் மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: இலங்கையில் வசிப்பவர் இந்தப் பட்டத்தை வைத்து எந்தச் சான்றுக்கு விண்ணப்பிக்கலாம், களப்பயிற்சிக்கு மேற்பார்வையாளரை யார் தேடித் தருவார்கள், அந்த மேற்பார்வையாளருக்குத் தமிழ் தெரியாவிட்டால் என் அமர்வுகளை எப்படிப் பார்ப்பார். மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் பதில் இருக்காது.

மற்ற நாட்டவர்களுக்குத் திறந்திருக்கும் வேறு சான்றளிப்பு அமைப்புகளும் உண்டு: சர்வதேச நடத்தைப் பகுப்பாய்வு அமைப்பு ஒன்று, சுருக்கமாக ஐ.பி.ஏ.ஓ.; கியூ.ஏ.பி.ஏ. எனப்படும் சபை இன்னொன்று. இரண்டும் நேர்மையான வழிகள்தான். மருத்துவ உளவியல் பட்டம் கையில் இருக்கும்போது, அதன்மேல் சேர்க்கும் தகுதியாக அவற்றை நான் ஆதரிக்கிறேன். அதுவே உங்கள் ஒரே தகுதியாக இருப்பதைத்தான் ஆதரிக்கவில்லை.

சரி, எங்கே படிப்பது?

இலங்கைக்குள் என்றால் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் கற்கைகள் பீடத்தில் நடக்கும் மருத்துவ உளவியல் முதுதத்துவமாணி (எம்.ஃபில்) படிப்புதான் என் முதல் சிபாரிசு. வகுப்பறையோடு வைத்தியசாலைப் பயிற்சியும் அதற்குள்ளேயே வருகிறது. எடுப்பது மிகச் சிலரைத்தான். விண்ணப்பம் கோரும் காலத்தை நீங்களே கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். யாரும் மலைக்கு வந்து சொல்லப்போவதில்லை. அங்கே நடத்தைப் பகுப்பாய்வு தனிப் பாடநெறியாகக் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். நடத்தைச் சிகிச்சை கிடைக்கும். ஆய்வுக் கட்டுரைக்கு நடத்தைப் பகுப்பாய்வுத் தலைப்பொன்றை எடுத்துக்கொண்டால் மிச்சத்தை நீங்களே நிரப்பலாம்.

தனியார் நிறுவனங்கள் நடத்தும் உளவளத்துணை முதுமாணி, உளவியல் முதுமாணி என்பவற்றில் சில நல்லவை. ஆனால் அவை மருத்துவ உளவியலாளர் பதிவுக்கு இட்டுச் செல்லுமா என்பதை மருத்துவச் சபையிடமே எழுதிக் கேளுங்கள். விற்கிறவரிடம் கேட்டுப் பயனில்லை. வெளிநாட்டுப் பட்டத்துக்கும் இதே விதிதான். சேர்ந்தபிறகு கேட்பதை விடச் சேருமுன் கேட்பது எவ்வளவோ மேல்.

இந்தியா உங்களுக்கு மிகவும் பொருந்தும் என்று நினைக்கிறேன். பெங்களூரில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் இந்தத் துறையில் தெற்காசியாவின் மூத்த இடங்களில் ஒன்று. சென்னையில் ஸ்ரீராமச்சந்திரா நிறுவனம் இருக்கிறது. முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. சென்னையில் பயிற்சி பெற்றால் நோயாளியோடும் தாய்மாரோடும் தமிழிலேயே பேசிப் பழகுவீர்கள். அது பெரிய சொத்து. ஒன்றைக் கவனியுங்கள்: அங்கே மருத்துவ உளவியலாளராகப் பதிவதற்கு நீண்டகாலமாக இருந்த தகுதி இரண்டு வருட எம்.ஃபில். இந்தியாவின் புதிய கல்விக் கொள்கை எம்.ஃபில் பட்டத்தையே நிறுத்தியபோது, மருத்துவ உளவியலுக்கு மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை நீடிப்பு என்று பல்கலைக்கழக மானியக் குழு 2024 ஜனவரியில் அறிவித்தது. ஆகவே இப்போது விண்ணப்பிக்கும் பட்டத்தின் பெயர் என்ன, அங்கே பதிவைக் கவனிக்கும் இந்திய மறுவாழ்வுச் சபை அதை ஏற்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். உதவித்தொகைக்குக் கண்டியில் உள்ள இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயத்தில் விசாரிக்கலாம்.

அமெரிக்காதான் நீங்கள் கேட்ட இரண்டையும் ஒரே கூரையின் கீழ் தரக்கூடிய நாடு. மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகம், மேற்கு மிச்சிகன் பல்கலைக்கழகம், ரீனோவில் உள்ள நெவாடாப் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றிலும் மருத்துவ உளவியல் கலாநிதிப் படிப்பும் நடத்தைப் பகுப்பாய்வுப் படிப்பும் பக்கத்தில் பக்கத்தில் வளர்ந்தவை. ஏற்பு, அர்ப்பணிப்புச் சிகிச்சை என்று இன்று பரவியிருக்கும் முறையை ஸ்டீவன் ஹேய்ஸ் வளர்த்தெடுத்தது ரீனோவில்தான். கலாநிதிப் படிப்பு ஐந்து, ஆறு வருடம் எடுக்கும். கடைசியில் ஒரு வருட முழுநேரப் பயிற்சி. நல்ல பல்கலைக்கழகங்களில் கலாநிதி மாணவருக்குக் கட்டண விலக்கும் மாதப் படியும் கிடைக்கும். சை.டி. எனப்படும் தொழில்சார் கலாநிதிப் பட்டத்துக்குப் பெரும்பாலும் நாமே கட்ட வேண்டும், அந்தத் தொகை நம்மால் நினைத்துப் பார்க்க முடியாதது. அதனால் அதைத் தவிருங்கள்.

அங்கே தேர்வு நடக்கும் விதத்தை நம் பிள்ளைகள் பலர் புரிந்துகொள்வதில்லை. புள்ளிகளை வரிசைப்படுத்தி மேலிருந்து எடுக்கிற நம் இசட் புள்ளி முறை அங்கே இல்லை. ஒரு பேராசிரியர் தன் ஆய்வுக்கு ஏற்ற மாணவரைத் தேடுகிறார். நீங்கள் அவருடைய ஆய்வுகளை வாசித்து, "உங்கள் இந்த வேலையை என் பகுதியில் இப்படி நீட்டிப் பார்க்க விரும்புகிறேன்" என்று எழுத வேண்டும். கட்டுரையில் சிறுவயதுக் கஷ்டத்தை எழுதி இரக்கம் தேடாதீர்கள். நீங்கள் சேகரித்த தரவு ஒரு வரைபடமாக அந்தக் கடிதத்தோடு போனால் அதுதான் பேசும். உங்களுடையது நான்கு வருடப் பட்டம் என்பது நல்லது. மூன்று வருடப் பொதுப் பட்டத்தைப் பல இடங்கள் முழுப் பட்டமாக ஏற்பதில்லை. அமெரிக்க அரசின் புல்பிரைட் புலமைப்பரிசில் முதுமாணிக்கு நல்ல வழி. அதில் போகிறவர் முடித்தபின் இரண்டு வருடம் நாட்டில் வந்து இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. ஊருக்கு வரத்தான் போகிறேன் என்கிற உங்களுக்கு அது தடையே இல்லை.

பிரித்தானியாவில் மருத்துவ உளவியல் கலாநிதி மூன்று வருடம். அரசு செலவில் கிடைக்கும் இடங்கள் பெரும்பாலும் அந்த நாட்டில் குடியிருப்பவர்களுக்கே. அதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

இனி, நடத்தைப் பகுப்பாய்வை ஏன் விடக் கூடாது என்பதற்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

இந்தத் துறையின் உயிர் ஒரே கேள்வியில் இருக்கிறது: இந்த நடத்தையால் இந்தப் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது? பிரையன் இவாட்டாவும் அவருடைய குழுவும் 1982இல் வெளியிட்ட ஆய்வு, தன்னைத் தானே அடித்துக்கொள்ளும் பிள்ளைகளை வெவ்வேறு நிலைமைகளில் வைத்துப் பார்த்தது. வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரியான அடி, ஒரு பிள்ளைக்குப் பெரியவரின் கவனத்தைத் தருகிறது, இன்னொரு பிள்ளையைக் கஷ்டமான வேலையிலிருந்து தப்ப வைக்கிறது, வேறொரு பிள்ளைக்கு உடலுக்குள்ளேயே ஏதோ ஓர் உணர்வைத் தருகிறது. காரணம் வேறானால் வைத்தியமும் வேறு. கவனத்துக்காக அடித்துக்கொள்ளும் பிள்ளைக்குப் பலன் தரும் முறை, தப்பிப்பதற்காக அடித்துக்கொள்ளும் பிள்ளையை மோசமாக்கிவிடும்.

இதை நம் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்குக் கொண்டுவந்து பாருங்கள். அம்மா காலையில் பெரட்டுக்கு (வேலைப் பதிவுக்கு) போய்க் கொழுந்துக் கூடையோடு மலையேறிவிடுகிறார். பிள்ளை பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துப் பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில்), அல்லது பாட்டியிடம். மாலையில் அம்மா வந்து அடுப்பைப் பற்றவைக்கும் நேரம் பார்த்துப் பிள்ளை தலையைச் சுவரில் முட்டுகிறான். புத்தகம் சொல்லும்: கவனத்துக்காக என்றால், அந்த நடத்தைக்குக் கவனம் கொடுக்காதே, பிள்ளை அமைதியாகக் கூப்பிடும்போது உடனே திரும்பிப் பார். ஆனால் லயத்தில் அவர்கள் இருக்கும் அந்தக் காம்பரா (அறை) பத்துக்குப் பன்னிரண்டு அடி. பிள்ளையைக் காப்பாற்றிக்கொண்டே முகம் கொடுக்காமல் இருப்பதற்கு இடமே கிடையாது. கவனத்தை நிறுத்தியவுடன் நடத்தை சில வேளை முதலில் கூடி, அதன்பிறகே குறையும். இது இந்தத் துறையில் நன்றாகத் தெரிந்த விஷயம். அது கூடும் அந்தச் சில நாட்களில் சத்தம் கேட்டுப் பக்கத்துக் காம்பரா அக்கா பிஸ்கட்டோடு ஓடி வருவார். அவர் நல்ல மனசோடுதான் வருகிறார். ஆனால் இடையிடையே கிடைக்கும் மீளவலியுறுத்தல் (நடத்தையைத் தொடர வைக்கும் பலன்) ஒரு நடத்தையை முன்னைவிட உறுதியாக்கிவிடும். ஆகவே லயத்தில் ஒரு திட்டம் போடும்போது அம்மாவோடு மட்டும் பேசிப் போதாது; அந்த வரிசையில் இருக்கும் அக்கா, பாட்டி, தாத்தா எல்லோரோடும் உட்கார்ந்து பேச வேண்டும். அமெரிக்கப் பாடநூலில் இதைப் பற்றி ஒரு பக்கமும் இருக்காது. உங்கள் ஆய்வுக் கட்டுரையை எழுத வேண்டிய இடம் இதுதான்.

தரவு சேர்ப்பதும் அப்படித்தான். எட்டு மணிநேரம் கொழுந்து பறித்துவிட்டு வந்தவரிடம் ஆங்கிலப் படிவம் ஒன்றைக் கொடுத்து மணிக்கணக்கு எழுதச் சொன்னால் அடுத்த கிளினிக்கில் வெறும் தாள்தான் வரும். இரண்டு டின்னும் ஒரு கைப்பிடி புளியங்கொட்டையும் கொடுத்து, முட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரு கொட்டையை இந்த டின்னிலிருந்து அந்த டின்னுக்குப் போடச் சொல்லுங்கள். இரவில் எண்ணிப் பார்த்து நாட்காட்டியில் அந்தத் திகதிக்குக் கீழே எண்ணை எழுதினால் போதும். சில வாரத் தரவு அப்படியே வரைபடமாகிவிடும். ஒரே ஒரு பிள்ளையை வைத்துக்கூட, தலையீட்டுக்கு முன்பும் பின்பும் அளந்து, சிகிச்சை உண்மையில் வேலை செய்கிறதா என்று நிரூபிக்கும் ஆய்வு முறைகள் இந்தத் துறையின் பெரிய கொடை. நூறு பேரைத் திரட்ட வசதியில்லாத தோட்டப்புறத்தில் அறிவியல் செய்ய இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை.

நடத்தைப் பகுப்பாய்வு என்றாலே ஓட்டிசம் என்று நினைக்கிறார்கள். ஓட்டிசம் முக்கியம்தான். 2009இல் வெளியான இலங்கை ஆய்வொன்று, ஓர் அரை நகர்ப்புறப் பகுதியில் 18 முதல் 24 மாதக் குழந்தைகளில் 93 பேருக்கு ஒருவர் என்று கணித்தது. மலையகத்திலும் அப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். பலரை நாம் பார்க்கும்போது ஆறு, ஏழு வயதாகிவிடுகிறது. பேச்சு வரவில்லை என்று கோயிலுக்கும் கோடாங்கிக்கும் போய்விட்டுத்தான் வருகிறார்கள். அந்த நம்பிக்கையோடு மல்லுக்கட்ட வேண்டாம். தாயத்து கையில் இருக்கட்டும், பயிற்சியும் நடக்கட்டும்.

ஆனால் நம் பகுதிக்கு இந்த அறிவு இன்னும் அதிகமாகத் தேவைப்படுவது பெரியவர்களின் மனச்சோர்வுக்கும் குடிக்கும். நடத்தைச் செயலூக்கம் என்ற சிகிச்சை நேரடியாக இந்த வேரிலிருந்து வந்தது: மனம் சரியானபின் வேலை செய்யலாம் என்று காத்திருக்காமல், அர்த்தமும் பலனும் தரும் செயல்களைத் திட்டமிட்டுத் திரும்பக் கொண்டுவருவது. இந்தியாவின் கோவாவில் உளநல ஆய்வாளர் விக்ரம் படேலின் குழு இதை உளவியல் பட்டம் இல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்களைக் கொண்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் செய்து பார்த்து, பலன் இருக்கிறது என்று 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டது. அதே வருடம் குடிக்கான அவர்களுடைய ஆலோசனை முறையும் அதே இதழில் வந்தது. தோட்ட வைத்திய உதவியாளரையும் குடும்பநல உத்தியோகத்தரையும் பயிற்றுவித்து இதைப் பொகவந்தலாவையிலோ மஸ்கெலியாவிலோ செய்ய முடியாதா? முடியும். கிளினிக்குக்கு வருவதென்றால் ஒரு நாள் பேர் (நாட்சம்பளம்) போய்விடும் என்று வராமல் இருக்கிறவர்களிடம் சிகிச்சை போய்ச் சேர வேறு நல்ல வழி இல்லை.

ஒரு கசப்பான பக்கமும் உண்டு, தெரிந்துகொண்டே போங்கள். இவார் லோவாஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1987இல் வெளியிட்ட ஆய்வு, வாரம் 40 மணிநேரப் பயிற்சி பெற்ற, ஓட்டிசம் உள்ள 19 பிள்ளைகளில் 9 பேர் சாதாரண வகுப்பில் சாதாரணமாகப் படிக்கும் நிலைக்கு வந்ததாகச் சொன்னது. உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. ஆனால் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரிக்காத ஆய்வு அது. அந்தக் காலப் பயிற்சியில் அதட்டலும் தொடையில் அடியும் இருந்தன. இன்று வளர்ந்துவிட்ட ஓட்டிசம் உள்ளவர்கள் பலர், தங்களை மற்றவர்களைப்போல நடிக்க வைத்தார்கள் என்று சொல்கிறார்கள். அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். கண்ணைப் பார்க்க வைப்பதும், கையை ஆட்டுவதை நிறுத்துவதும் பிள்ளைக்கு ஒரு பயனும் தராத இலக்குகள். தண்ணீர் வேண்டும், வலிக்கிறது, வேண்டாம் என்று சொல்லக் கற்றுக்கொடுங்கள். "வேண்டாம்" என்பதை ஒரு பிள்ளை சொல்லப் பழகியபின் அதை நாமும் மதிக்க வேண்டும். ஏற்கெனவே பிரம்பு சாதாரணமாகப் புழங்கும் பள்ளிக்கூடங்களுக்கு நாம் இந்த அறிவைக் கொண்டுபோகிறோம். தண்டனைக்கு விஞ்ஞானப் பெயர் சூட்ட வந்தவர்களாக நாம் ஆகிவிடக் கூடாது.

வேலை இருக்கிறதா என்று கேட்டீர்கள். அரசாங்க வைத்தியசாலைகளில் மருத்துவ உளவியலாளருக்கான இடங்கள் குறைவு, அவையும் பெரிய நகரங்களில்தான் அதிகம். தமிழில் அமர்வு நடத்தக்கூடியவர் இன்னும் குறைவு. ஒரு தாய் தன் பிள்ளையின் கதையை வார்டு உதவியாளர் மொழிபெயர்க்கச் சொல்லும் நிலை இன்றும் இருக்கிறது. மொழிபெயர்ப்பில் முதலில் விழுந்துபோவது நமக்கு வேண்டிய அந்தச் சின்ன விவரம்தான், முட்டுவதற்கு ஒரு நிமிடம் முன்பு என்ன நடந்தது என்பது. நுவரெலியா, டிக்கோயா, பதுளை வைத்தியசாலைகள், பேராதனையில் உள்ள சிறுவர் வைத்தியசாலை ஆகியவற்றின் உளநல, சிறுவர் பிரிவுகளோடு இப்போதே பழக ஆரம்பியுங்கள். பத்தனையில் உள்ள ஸ்ரீபாத தேசிய கல்வியியல் கல்லூரியில் பயிலும் ஆசிரியர்களுக்கு வகுப்பறை நடத்தை பற்றிப் பட்டறை நடத்தலாம். தொண்டு நிறுவனத் திட்டங்கள் வரும், போகும். அவற்றை நம்பி மட்டும் வாழ்க்கையைத் திட்டமிட வேண்டாம். பல்கலைக்கழக விரிவுரையாளர் பதவிக்குக் கலாநிதிப் பட்டம் பெரிய பலம்.

விண்ணப்பத்துக்கு இன்னும் காலம் இருக்கும்போது செய்ய வேண்டியது: புள்ளிவிவரவியலைத் திரும்பப் படியுங்கள், பட்டத்தில் படித்தது போதாது. ஆங்கிலத்தில் எழுதிப் பழகுங்கள். உங்கள் அலகில் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதத்தோடும் பொறுப்பானவரின் அனுமதியோடும் ஒரு பிள்ளையின் ஒரே ஒரு நடத்தையை எடுத்து, அதற்கு முன் என்ன நடந்தது, பின் என்ன கிடைத்தது என்று தினமும் எழுதுங்கள். சக ஆசிரியர் ஒருவரும் தனியாக எழுதட்டும். இரண்டு பேரின் பதிவும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கணக்கிடுங்கள். தலையை முட்டுவதுபோல ஆபத்தான நடத்தையை இதற்கு எடுக்காதீர்கள், அதற்கு மேற்பார்வை வேண்டும். கதிரையை விட்டு எழும்புவது, பாடத்தின்போது வெளியே ஓடுவது போன்றவை போதும். பிள்ளையின் பெயரை நீக்கிவிட்டு அந்த வரைபடத்தை எனக்கு அனுப்பினால் பார்த்துக் கருத்துச் சொல்கிறேன். எந்தப் பேராசிரியருக்கு எழுதலாம் என்பதையும் அதை வைத்துப் பேசலாம்.